தோட்டாவுக்கும் கணக்கு உண்டு



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமை. படித்ததும் எனக்கும் வயிறு எரிந்தது. அதற்குக் கீழே வரிசையாகப் பதில்கள். "சுட்டுத் தள்ளணும்", "என்கவுன்டர் போடுங்க சார்". ஒரு பிள்ளை 'கைதி' படத்தில் கார்த்தி பெரிய துப்பாக்கியோடு நிற்கிற போட்டோவைப் போட்டு "இதுதான் தீர்ப்பு" என்று எழுதியிருந்தான். நிறைய பேர் கைதட்டியிருந்தீர்கள். அங்கே நான் ஒன்றும் எழுதவில்லை. நாலு வரியில் முடிகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 'கைதி' எனக்கும் பிடித்த படம். 2019 தீபாவளிக்கு வந்தது. பத்து வருஷம் சிறையில் இருந்துவிட்டு, அதுவரை முகமே பார்க்காத மகளைப் பார்க்கப் போகிற அப்பனின் கதை. ஒரே ராத்திரியில் நடக்கிறது. கடைசியில் அந்தச் சுழல் துப்பாக்கியை அவன் எடுக்கும்போது நானும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். ஆகவே சினிமாவைத் திட்டுகிற பதிவு இல்லை இது.

ஆனால் கணக்கும் அறிவியலும் நடத்தியவள் அல்லவா? படம் முடிந்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

அந்த வகைத் துப்பாக்கிக்கு மினிகன் என்று பெயர். அசல் மினிகனில் ஆறு குழல்கள், அவற்றை மின்சார மோட்டார் சுற்றும். நிமிடத்துக்கு 2000 முதல் 6000 தோட்டா வரை சுடும். நாம் 3000 என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 50. ஒரு தோட்டா சுமார் 24 கிராம். நொடிக்கு 1,200 கிராம். ஒரு நிமிடம் விடாமல் சுட்டால் 72 கிலோ! துப்பாக்கியின் எடை ஏறக்குறைய 39 கிலோ, பேட்டரி தனி. அதனால்தான் ராணுவத்தில் இதை ஹெலிகாப்டரிலும் வண்டியிலும் பொருத்தி வைக்கிறார்கள். நம் உப்பளத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, 72 கிலோ என்றால் முதுகுக்குத் தெரியும்.

சரி, அந்தக் குண்டுகளெல்லாம் எங்கே போய் விழும்? இதுதான் என் கேள்வி. படத்தில் ஒவ்வொரு குண்டும் கெட்டவன் மேலேயே படுகிறது. தவறிப் போனதென்று ஒன்றுகூட இல்லை. நிஜத்தில் அந்தக் குண்டு 3 கிலோமீட்டருக்கு அப்பாலும் போகும். சுவரைத் துளைக்கும். எதிர்த் தெருவில் தூங்குகிற பிள்ளை யார், கெட்டவன் யார் என்று அதற்குத் தெரியாது.

திரையில் வருகிற துப்பாக்கி பெரும்பாலும் டம்மிதான். நெருப்பைக் கம்ப்யூட்டரில் சேர்ப்பார்கள், சத்தத்தைப் பிறகு சேர்ப்பார்கள், சட்டைக்குள் சின்ன வெடி வைத்து சிவப்புத் தண்ணீர் தெறிக்க விடுவார்கள். சில நாடுகளில் அசல் துப்பாக்கியிலேயே 'பிளாங்க்' என்னும் வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுடுவதும் உண்டு. அதில் மருந்து இருக்கும், முனையில் ஈயக் குண்டு இருக்காது.

அந்தப் பொய்த் துப்பாக்கியும் கணக்குத் தப்பினால் சும்மா விடுவதில்லை. 1993-ல் அமெரிக்காவில் 'தி க்ரோ' என்ற படம் எடுத்தார்கள். கொல்லப்பட்டவன் திரும்பி வந்து, தன்னைக் கொன்றவர்களை ஒவ்வொருவராகப் பழிவாங்குகிற கதை. கதாநாயகன் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ, வயது 28. கிட்டத்தில் காட்டுவதற்காக அசல் தோட்டாவிலிருந்து மருந்தைக் கொட்டிவிட்டு, குண்டை மறுபடி சொருகி டம்மி செய்திருந்தார்கள். அடியில் இருக்கும் சின்னத் தீப்பொறி மருந்தை எடுக்க விட்டுவிட்டார்கள். விசையை அழுத்தியபோது அந்தப் பொறி குண்டைத் தள்ளி, அது பாதிக் குழலில் சிக்கிக்கொண்டது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போட்டுச் சுட்டார்கள். சிக்கியிருந்த குண்டு வெளியே பாய்ந்தது. மார்ச் 31 அன்று அந்தப் பிள்ளை இறந்துபோனான். சுட்டவர் சக நடிகர்.

2021 அக்டோபரில் 'ரஸ்ட்' படப்பிடிப்பிலும் இப்படி ஒன்று. டம்மி என்று நம்பிய துப்பாக்கியில் அசல் தோட்டா கிடந்தது. ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் இறந்தார். துப்பாக்கிகளுக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணுக்கு 2024-ல் 18 மாதச் சிறை. ஒரு தோட்டாவைச் சரிபார்க்காததற்கு இத்தனை.

நம் சினிமாவிலேயே அசல் துப்பாக்கி ஒரு தடவை வெடித்ததே, உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள். 1967 ஜனவரி 12. ராமாவரம் வீட்டில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார். இருவர் உடம்பிலும் குண்டு பாய்ந்தது, இருவரும் பிழைத்தார்கள். படத்தில் தோளில் குண்டு வாங்கிய கதாநாயகன் அடுத்த பாட்டில் ஆடுவான். இங்கே எம்.ஜி.ஆரின் குரல் கடைசிவரை பழையபடி ஆகவில்லை. கழுத்தில் கட்டோடு அவர் இருந்த போஸ்டர்தான் அந்தத் தேர்தலில் ஊரெங்கும் ஒட்டப்பட்டது. ராதா தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார். திரையில் எத்தனையோ முறை சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேர். ஒரே ஒரு நிஜத் துப்பாக்கி, இருவர் வாழ்க்கையும் திசை மாறியது.

இப்போது குழுவில் நீங்கள் எழுதியதற்கு வருகிறேன்.

2019 நவம்பரில் ஹைதராபாத் அருகே ஒரு பெண் கால்நடை மருத்துவருக்கு நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டிசம்பர் 6-ம் தேதி, பிடிபட்ட நான்கு பேரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜனங்கள் போலீஸ்காரர்கள் மேல் பூ தூவினார்கள். நம் ஊர் டீக்கடையிலும் அன்றைக்கு அதே பேச்சு. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் விசாரித்து, அதன் அறிக்கை 2022-ல் வெளியானது. கொல்ல வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றது. செத்தவர்களில் மூன்று பேர் 18 வயது நிறையாதவர்கள் என்றும் சொன்னது. பூ தூவியவர்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையைப் படித்திருப்பார்கள்? அவர்கள்தான் குற்றவாளிகளா என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, இனிமேல் சொல்லவும் முடியாது.

2024-ல் வந்த 'வேட்டையன்' இதையே கதையாக எடுத்தது. அதில் கொல்லப்படுவது ஒரு டீச்சர். ஊரே கொதிக்கிறது, ரஜினி ஒரு பையனைச் சுட்டுவிடுகிறார். அவன் செய்யவில்லை என்று பிறகுதான் தெரிகிறது. அந்தப் பையன் ஏழை வீட்டுப் பிள்ளை. அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன், நம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு கடையில் பணம் காணாமல் போனது. உப்பளத்தில் வேலை செய்கிற குடும்பத்துப் பையன் ஒருவன், என்னிடம் படித்தவன், அந்தப் பக்கம் வந்தான் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். வேப்ப மரத்தில் கட்டிவிட்டார்கள். நான் போனபோது உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. "டீச்சர், நான் எடுக்கல டீச்சர்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அவனோடு நின்றேன். "நீங்க வீட்டுக்குப் போங்க டீச்சர், இது எங்க ஊர் விவகாரம்" என்றார்கள். நான் போகவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பணம் கடைக்காரர் வீட்டிலேயே, அவர் சம்சாரம் எடுத்து வைத்த இடத்தில் கிடைத்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டு எல்லோரும் கலைந்து போனார்கள். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்றைக்கு அங்கிருந்த கோபத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. யார் கையிலாவது துப்பாக்கி மட்டும் இருந்திருந்தால், அந்த இரண்டு மணி நேரம் இருந்திருக்காது.

சட்டம் என்பது அந்த இரண்டு மணி நேரம்தான் பிள்ளைகளே. என்கவுன்டர் நடந்தால் வழக்குப் பதிய வேண்டும், வேறு அதிகாரிகள் விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும், சுட்ட போலீஸ்காரர் துப்பாக்கியைப் பரிசோதனைக்கு ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே வழிமுறை கொடுத்திருக்கிறது. உங்களில் போலீசில் இருப்பவர்களுக்கு இது தெரியும். சுட்டது போலீசே ஆனாலும் தோட்டாவுக்குக் கணக்கு உண்டு. திரையில் மட்டும்தான் கணக்கு கேட்க ஆளில்லை.

"இரண்டு மணி நேரம் என்கிறீங்க, கேஸ் இருபது வருஷம் இழுக்குதே டீச்சர்" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்ப் பொறுமையாக இரு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதற்குக் கேட்க வேண்டியது கூடுதல் நீதிமன்றம், ஒழுங்கான விசாரணை, சாட்சிக்குப் பாதுகாப்பு. இவற்றைக் கேட்டு நம் குழுவில் ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. துப்பாக்கிதான் வருகிறது. முதலில் மரத்தில் கட்டப்படுவது யார் வீட்டுப் பிள்ளை என்று உங்களுக்குத் தெரியாதா? உங்களில் பாதிப் பேர் அந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள்.

அந்தப் பையன் நன்றாக இருக்கிறான். கல்யாணமாகி, மகள் கல்லூரிக்குப் போகிறாள். பெயர் சொல்ல மாட்டேன். அவனும் நம் குழுவில்தான் இருக்கிறான். போன வாரம் நீங்கள் எழுதியதையெல்லாம் அவனும் படித்திருப்பான்.

படம் பாருங்கள், விசில் அடியுங்கள், எனக்கும் ஒரு டிக்கெட் எடுங்கள். பார்த்துவிட்டு வரும் வழியில் உங்கள் பிள்ளைகளிடம், தவறிப் போன குண்டெல்லாம் எங்கே விழுந்திருக்கும் என்று மட்டும் ஒரு தடவை கேளுங்கள். அவர்கள் யோசிப்பார்கள், பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே தாராளமாக எழுதுங்கள். வகுப்பில் மாதிரி ஒவ்வொருவராக. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் டீச்சருக்குக் காது கேட்காது.

எல்லோரும் நலமாக இருங்கள்.
அன்புடன்,
உங்கள் டீச்சர்