அழுகை கேட்கிறதா?

படம் ஒன்றுதானே, அதை வீடியோ கேஸட்டில் பார்த்தால் என்ன, டிஸ்க்கில் பார்த்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அப்படிக் கேட்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. 'பதேர் பாஞ்சாலி'யைப் போட்டுக் காட்டிவிடுகிறேன். 1955-ல் வெளிவந்த சத்யஜித் ரேயின் வங்காளிப் படம்.

எங்கள் வீட்டில் அது இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று, என்றோ டெலிவிஷனில் வந்தபோது பதிவு செய்த கேஸட். அதை ஓட்டுகிற பழைய மெஷினை நான் இன்னும் தூக்கிப் போடாததற்காக வாங்கிக் கட்டிக்கொள்வது தனிக் கதை. மற்றது, 2015-ல் அமெரிக்காவில் கிரைட்டீரியன் கம்பெனியார் வெளியிட்ட புளூ-ரே டிஸ்க். என் மைத்துனர் வாங்கி வந்தது.

மழைக்கு முன்னால் குளத்து நீரில் பூச்சிகள் விளையாடும் கட்டம் இருக்கிறதே, கேஸட்டில் அது வெறும் சாம்பல் கரைசல். டிஸ்க்கிலோ, பூச்சியின் கால் பட்ட இடத்தில் தண்ணீர் குழிவதுகூடத் தெரிகிறது!

பின்னணியில் ரவிசங்கரின் ஸிதார். பிலிம் வினாடிக்கு 24 படமாக ஓடுவது. நம் நாட்டு டெலிவிஷன் முறையில் அதை 25 ஆக ஓட்டினார்கள். 125 நிமிஷப் படம் 120 நிமிஷத்தில் முடிந்துவிடும். ஐந்து நிமிஷம் லாபம் என்று எண்ண வேண்டாம். சுருதியும் ஒரு ஸ்வரஸ்தானத்தில் முக்கால் பங்கு ஏறிவிடும். பாட்டுக் கற்ற சகோதரிகளுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டுமா?

டிஸ்க்கின் தெளிவு சுலபத்தில் வந்ததல்ல. இந்தப் படத்தின் மூல நெகடிவ் 1993-ல் லண்டனில் ஒரு லாபரட்டரியில் தீயில் சிக்கியது. கருகி, அப்பளம்போல் நொறுங்கும் நிலையில் மிஞ்சிய சுருள்களை ஆஸ்கார் அகாடமியார் எறிந்துவிடாமல் வைத்திருந்தார்கள். பல வருஷங்களுக்குப் பிறகு, இத்தாலியில் போலோன்யா நகரத்து நிபுணர்கள் அவற்றுக்கு ஈரமூட்டி, ஒட்டியதைப் பிரித்து, கிழிந்த ஓரத் துளைகளைக் கையாலேயே செப்பனிட்டார்கள். சுமார் 40 சதவிகிதம் அப்படி மீண்டது. மீதிக்கு வேறு பிரதிகள். ஆகவே கூர்ந்து பார்த்தால் சில இடங்களில் தெளிவு சற்றுக் குறையும். பட்டுப் புடவையில் இழை ஓட்டிய இடம் தெரியாமலா இருக்கும்?

இன்னொன்று. இது ஏறக்குறையச் சதுரமான படம். புது டெலிவிஷனின் அகலத்தை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாள் அப்படிச் செய்ய, அரைவயிற்றுச் சோற்றுக்கு அல்லாடும் தாய் சர்வஜயா ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாள்!

அந்தச் சர்வஜயா அழுகிற கட்டத்துக்கு வருகிறேன். மகள் துர்க்கா இறந்துவிட்டாள். அது தெரியாமல் வெளியூரிலிருந்து திரும்பும் தகப்பன், மகளுக்கென்று வாங்கி வந்த புடவையை எடுத்துக் காட்டுகிறான். சர்வஜயா கதறுகிறாள், ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாகத் தார் ஷெனாய் ஒலிக்கிறது. பெயர்தான் ஷெனாய், வில்லால் வாசிக்கிற தந்தி வாத்தியம் அது. கேஸட்டில் அது கீச்சென்று ஓர் இரைச்சல். "நாடா சிக்கிக்கொண்டதா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு மாமி.

டிஸ்க்கில் அதே கட்டம் வந்தபோது மாமி அப்படிக் கேட்கவில்லை. வெகு நேரம் கழித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பெண்ணுக்கு என்ன வயசிருக்கும்?" என்றார்.