விளக்குக்குள் ஈரம்

தைப்பிங் நகரில் பிற்பகல் மழை புதிய செய்தியன்று. தீபகற்ப மலேசியாவிலேயே மழை மிகுந்த ஊர் என்று அது பெயரெடுத்திருக்கிறது. மழை அங்குள்ள பட்டறைகளுக்குக் கொண்டுவரும் வேலைகளுள் ஒன்று, மகிழுந்தின் முகப்பு விளக்கினுள் படியும் ஈரம். வெளியே துடைத்தால் அது போகாது. உள்ளே கைவிடவும் வழியில்லை.

கண்ணாடி என்று நாம் சொன்னாலும், இன்றைய விளக்குகளின் முன்மூடி பாலிகார்பனேட் என்னும் நெகிழிதான். பல ஆண்டுகள் வெயிலில் நின்றால் அது மஞ்சளாகி மங்கிவிடும். அப்போது பலர் அசல் விளக்கை வாங்காமல், வேறு நிறுவனங்கள் அதே அளவில் செய்து விற்கும் மாற்று விளக்கை வாங்குகின்றனர். விலை குறைவு என்பதே காரணம். இரவுப் பணிக்குச் செல்லும் தாதி ஒருவரும் தம் பழைய மகிழுந்துக்கு அப்படி ஒரு சோடி வாங்கிப் பொருத்தினார்.

இரண்டாம் வாரமே கனத்த மழை. அன்றிரவு இடப்பக்க விளக்கின் ஒளி சாலையில் விழாமல் வெண்புகைபோல் சிதறியது. ஓரமாக மிதிவண்டியில் சென்ற முதியவரை மிக அருகில் வந்த பிறகே தாதி கண்டார். மறுநாள் காலை பட்டறைக்குப் போனார். நான்காம் படிவத்தில் பயிலும் மகனும் உடன் சென்றான்.

“புது விளக்கு அண்ணே. அதற்குள் தண்ணீர் எப்படி வந்தது?”

“தண்ணீர் வந்ததா, ஆவி வந்ததா என்று முதலில் பார்ப்போம் அக்கா” என்றார் பட்டறைக்காரர்.

சரியான கேள்வி அது. முகப்பு விளக்கு காற்றுப்புகாத பெட்டியன்று. எரியும்போது உள்ளிருக்கும் காற்று சூடாகி விரியும். அணைத்ததும் குளிர்ந்து சுருங்கும். அந்தக் காற்று போய்வரப் பின்புறம் சிறு மூச்சுத்துளைகள் இருக்கும். உள்ளே வரும் காற்றோடு நீராவியும் வரும். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும்; 20 பாகையில் 17 கிராம்தான். மழை பட்டு முன்மூடி குளிரும்போது, காற்றால் தாங்க முடியாத மிச்சம் அதன் உட்புறத்தில் படிகிறது. ஐஸ் மைலோ குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதும் இப்படித்தான்.

எனவே, விளக்கை எரியவிட்ட அரைமணி நேரத்தில் மறையும் மெல்லிய மூட்டத்துக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. அசல் விளக்கிலும் அது வரும். துளிகள் வழிந்தாலோ, அடியில் நீர் தேங்கினாலோ அது கசிவு. தாதியின் விளக்கைக் கழற்றி ஆட்டியபோது உள்ளே நீர் தளும்பியது.

பட்டறைக்காரர் முன்மூடி சேரும் விளிம்பில் சவர்க்கார நீரைத் தடவி, பின்புறத்திலிருந்து மெதுவாகக் காற்றைச் செலுத்தினார். கீழ்மூலையில் குமிழிகள் கிளம்பின. அங்கே பசை சரியாகப் படியவில்லை. “மலிவு விளக்கின் குணம்” என்று தாதி பெருமூச்செறிந்தார். ஆனால், பாதிக் குற்றம் மட்டுமே விளக்கினுடையது. விளக்கைப் பொருத்தியவர்கள் ஹாலோஜன் குமிழுக்குப் பதிலாக எல்.இ.டி. குமிழை மாட்டியிருந்தனர். அதன் பின்புற விசிறி இடித்ததால், தூசுமூடியை மாட்டாமலேயே விட்டுவிட்டனர். கையளவு ஓட்டை மழைக்குத் திறந்தே கிடந்தது! மேலும், எல்.இ.டி. குமிழின் வெப்பம் பெரும்பாலும் பின்பக்கமாகவே வெளியேறும். ஹாலோஜனைப்போல் முன்மூடியைச் சூடாக்கி ஈரத்தை உலர்த்த அதனால் இயலாது.

“சுற்றிலும் சிலிக்கோன் பூசி அடைத்துவிடலாமே?” என்று மகன் கேட்டான்.

“மூச்சுத்துளையையும் சேர்த்து அடைத்தால், உள்ளே போன ஈரம் எந்த வழியாகத் தம்பி வெளியே வரும்?”

அடியில் துளையிட்டு நீரை வடிப்போரும் உண்டு. அந்தத் துளை வழியே நீரும் தூசியும் மறுபடி ஏறும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. உள்ளே துணிவிட்டுத் துடைப்பது அதைவிடக் கெடுதல். ஒளியைத் திருப்பும் பகுதியின்மேல் இருப்பது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு; ஒருமுறை கீறினால் அந்த விளக்கின் ஒளி என்றென்றைக்கும் குறைந்துவிடும்.

பட்டறைக்காரர் நீரை வடித்து, இளஞ்சூடான காற்றால் நெடுநேரம் உலர்த்தினார். கீழ்மூலையின் பழைய பசையை நீக்கி, பியூட்டைல் பசையை அழுத்தி வைத்தார். ஹாலோஜன் குமிழின் கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடித்து மாட்டினார். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் அளவுக்குமீறிச் சூடேறிக் குமிழ் விரைவில் பழுதாகும். கடைசியாகத் தூசுமூடியை இறுக்கினார்.

வலப்பக்க விளக்கிலும் தூசுமூடி இல்லை என்பதை மகன்தான் கவனித்துச் சொன்னான். அதையும் கழற்றிப் பார்த்து, இரண்டின்மீதும் நீரைப் பீய்ச்சிச் சோதித்த பிறகே வண்டியைத் தர முடியும் என்றார் பட்டறைக்காரர். அதற்கு மறுநாள் ஆகிவிடும். வானம் மீண்டும் கறுத்துக்கொண்டிருந்தது. தாதி கைப்பேசியை எடுத்து, அன்றிரவு தம்மையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுமாறு உடன் பணிபுரியும் தோழியிடம் கேட்டார்.