அல்லங்காடி

தேனிலவு என்னும் சொல்லைக் கதைகளில் படித்ததோடு சரி. எங்கள் தலைமுறையில் அதற்கு வேறு பயன் இருந்ததில்லை. எனக்கு நிக்காஹ் நடந்தது 1988இல். மறுவாரமே மேலப்பாளையத்திலிருந்து உவரிக்குப் பேருந்து ஏறினோம். நான் அங்கே தமிழாசிரியன். கடலுக்கு அணித்தாக ஒரு வாடகை வீடு. ஒருபுறம் அந்தோணியார் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு வந்து நாட்கணக்கில் தங்கும் மக்கள், மறுபுறம் சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்குக் கடல் மண்ணைப் பெட்டியில் சுமந்து செல்லும் மக்கள், நடுவில் நாங்கள். பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், பறந்தார்கள். அந்த 35 ஆண்டுகளில் நானும் என் மனைவியும் மட்டுமாக வேற்றூரில் ஓர் இரவைக் கழித்ததில்லை.

சென்ற 2023ஆம் ஆண்டு நவம்பரில் அது நடந்தது. ஏற்பாடு எங்களுடையதன்று, கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. "வாப்பா, உம்மாவைக் கூட்டிக்கிட்டு ரெண்டு நாள் மதுரைக்குப் போய்ட்டு வாங்க. அறைக்குப் பணம் கட்டியாச்சு. சந்தடி இல்லாத அறையாக் கேட்டிருக்கேன். பக்கத்துலேயே கடைத்தெரு. அங்கே ராத்திரியெல்லாம் ஊர் முழிச்சிருக்கும், உம்மாவுக்குப் பிடிக்கும்" என்றான். அவன் இருக்கும் நாட்டில் வாரத்தில் ஒருநாள் பேட்டைக்குப் பேட்டை 'பசார் மாலம்' என்று இரவுச் சந்தை கூடுகிறது. அந்தப் பழக்கத்தில் அவனுக்கு இந்த எண்ணம் தோன்றியிருக்க வேண்டும்.

உம்மாவுக்கு ஓய்வு வேண்டும் என்று அவன் கருதியதற்குக் காரணம் உண்டு. என் தாயார் 2011இல் பக்கவாதத்தில் படுத்தார்கள்; 2022இல் மௌத்தானார்கள். இடைப்பட்ட 11 ஆண்டுகளும் அவர்களைப் பார்த்துக்கொண்டவள் என் மனைவி. படுத்த படுக்கையாய் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையேல் முதுகில் புண் கண்டுவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பகலில் நாங்கள் மாறி மாறிச் செய்தோம். இரவு முழுவதும் அவள் பொறுப்பு. பழைய புடவைக் கிழிசல் ஒன்றின் ஒரு நுனியை மாமியின் கையிலும் மறு நுனியைத் தன் கையிலும் கட்டிக்கொண்டு தரையில் படுப்பாள். அந்தப் பதினொரு ஆண்டில் உம்மாவின் முதுகில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஊரில் அதைச் சொல்லிச் சொல்லி வியந்தார்கள். நானும் வியந்தேன். வியந்துவிட்டு வெளியறையில் போய் உறங்கினேன். காலையில் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பது என் வாதம். 2018இல் ஓய்வு பெற்றேன். அதன் பிறகு அந்த வாதமும் இல்லை. ஆனாலும் நான் எழுந்ததில்லை.

மதுரைக்கு வருவோம். டவுன்ஹால் ரோட்டை அடுத்த சந்து ஒன்றில் விடுதி. மகன் கேட்டபடியே கட்டடத்தின் உட்புறமாக அறை தந்திருந்தார்கள். கதவை அடைத்தால் ஓர் ஓசையும் இல்லை. பையை வைத்துவிட்டு அந்திக்குப் பின் வெளியே இறங்கினோம். தீபாவளிக்கு ஒரு வாரமே இருந்தது. கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரைத் தாங்கிய வீதிகள் அவ்வூரில் உண்டல்லவா? அவற்றுள் மாசி வீதியிலிருந்து விளக்குத்தூண் வரை மனிதத் தலைகளன்றி வேறெதுவும் தெரியவில்லை. நடைபாதையில் துணிகளைக் குவித்துப் போட்டு, குவியலின் மேலேயே நின்று கூவி விற்கிறார்கள். சுங்குடிச் சேலை, பிள்ளைகளின் சட்டை, வளையல், கைக்குட்டை, எவர்சில்வர் பாத்திரம்.

மதுரைக்காஞ்சியை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். பத்துப்பாட்டிலே மிக நீண்டது, 782 அடி. பகற்கடைத் தெருவை நாளங்காடி என்றும் இரவுக்கடைத் தெருவை அல்லங்காடி என்றும் மாங்குடி மருதனார் அதில் வேறுபடுத்திப் பாடுகிறார். 'அல் என்றால் இரவு, எழுதிக்கொள்ளுங்கள்' என்று கரும்பலகைக்கு முன் நின்று முழங்கியிருக்கிறேன். அல்லங்காடிக்குள் நின்று பார்த்தது அன்றுதான்.

என் மனைவி கூட்டத்துக்கு அஞ்சவில்லை. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா வாங்கித் தந்தேன். "கடற்பாசியை இவ்வளவு தூரம் வந்து காசு கொடுத்துக் குடிக்கிறோமே" என்று சிரித்தாள். சற்றுத் தள்ளி, மேசைக்கு விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பை மீட்டர் கணக்கில் விற்றுக்கொண்டிருந்தான் ஓர் இளைஞன். அவள் நின்றாள். ஓர் ஓரத்தை இரு விரலால் பிடித்துக் கசக்கினாள். "இது மடிப்புல வெடிச்சிரும். கனமா இல்லையா தம்பி?" என்றாள். அவன் உள்ளிருந்து கனமானதை எடுத்து நீட்டினான். விலை கேட்டாள், இரண்டு மீட்டர் வெட்டச் சொல்லப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு, "வேண்டாம்ப்பா, எங்க வீட்டுல மேசையே கெடையாது" என்று சொல்லிவிட்டு நடந்தாள். எதற்கு விரிக்கும் விரிப்பு அது என்று எனக்கு விளங்கப் பத்தடி தூரம் ஆயிற்று.

அன்றிரவு விழித்தபோது பக்கத்தில் அவள் இல்லை. மணி இரண்டு. கதவு ஒருக்களித்திருந்தது. நடையின் கோடியில் தெருவைப் பார்த்த சன்னல் ஒன்று. அதன் அருகே முக்காடிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துருது. அந்த ரூம்ல ஒரு சத்தமும் இல்ல, படுக்க முடியல. இங்கே பாருங்க, எல்லாரும் முழிச்சிருக்காங்க."

கீழே பார்த்தேன். சாமான் இறக்கிய சுமைவண்டி ஒன்றின் மேல் இருவர் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இட்லிச் சட்டியைத் திறக்க, ஆவி தெரு விளக்கு வரை எழுந்தது. விற்றது போக எஞ்சிய உருப்படிகளை ஒரு கிழவர் எண்ணி மடித்துக்கொண்டிருந்தார்.

"தினமுமா?" என்று கேட்டேன். உம்மா போய் ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

"தினமும்தான்."

"அப்பவும் இப்படித்தான் ஒத்தையில உக்காந்திருப்பியா?"

அவள் சற்று நேரம் பேசவில்லை. "மாமியைப் புரட்டிப் போட்டுட்டு, துணி மாத்திட்டு உக்காந்தா, இந்த நேரத்துல ஊர்லயே நான் ஒருத்திதான் முழிச்சிருக்கேன்னு தோணும். அப்புறம் கடலுக்குப் போறவங்க பேசிக்கிட்டே போவாங்க. வள்ளம் தள்ளுற சத்தம் கேக்கும். அது கேட்டா கொஞ்சம் தெம்பா இருக்கும்" என்றாள்.

உவரியில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தவன் நான். கடலோடிகளின் பிள்ளைகள் எத்தனையோ பேருக்குப் பாடம் சொன்னவன். அவர்களுடைய தகப்பன்மார் வள்ளம் தள்ளும் ஓசை என் வீட்டுக்குள் கேட்கும் என்பதை மதுரையில் ஒரு விடுதி நடையில் நின்று தெரிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வாய் வரவில்லை. "வா, கீழே போய்த் தேத்தண்ணி குடிப்போம்" என்றேன்.

"இந்நேரத்துலயா?" என்றவள் என்னை முந்திப் படியிறங்கிவிட்டாள்.

இரண்டு தேநீர் சொன்னோம். இட்லிக்காரப் பெண்மணி எந்த ஊர் என்று விசாரித்தார். உவரி என்றதும், "அந்தோணியார் கோயில் ஊரா? எங்க அக்கா வந்து தங்கியிருக்காக" என்று முக்காலியை இழுத்துப் போட்டார். பிறகு நான் அங்கு தேவைப்படவில்லை. மாவு அரைப்பது எப்போது, உறங்குவது எப்போது, கால் வீங்குகிறதா, வீட்டில் பார்த்துக்கொள்ள யார் என்று இரண்டு பெண்களும் பேசிக்கொண்டே இருந்தார்கள். இத்தனை கேள்வி என் மனைவி கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பெண்மணியும் இவளைக் கேட்டார். மாமியைப் பற்றிச் சொன்னாள். "பதினோரு வருசமா? ஆளுக்குப் பாதின்னு வச்சாலும் கஷ்டம்தான்" என்றார் அவர். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. நான் தேநீர்க் குவளையைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் எழுந்து போனேன்.

இரவின் மூன்றாம் யாமத்தில் ஊர்காவலர் திரிவதையும் மருதனார் பாடியிருக்கிறார். அப்போது காவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, வயதான இருவரைப் பார்த்து வண்டியைத் தளர்த்தி, பிறகு ஒன்றும் கேளாமல் போனார். சுபுஹுக்குப் பாங்கு கேட்டது. நான் காஜிமார் தெருப் பள்ளிவாசலுக்கு நடந்தேன். அவள் அறைக்குப் போய்த் தொழுதுவிட்டுப் படுத்தவள் ஒன்பது மணி வரை எழவில்லை.

பகலில் விடுதி மேலாளரிடம், தெருவைப் பார்த்த அறை கிடைக்குமா என்று கேட்டேன். "சார், அங்கே விடிய விடியச் சத்தமா இருக்கும்" என்று எச்சரித்தார். பரவாயில்லை என்றேன்.

அன்று மாலை மகன் தொலைபேசியில் அழைத்தான். அறை அமைதியாக இருந்ததா என்று உம்மாவிடம் கேட்டான்.

"ரொம்ப அமைதியா இருந்துச்சுப்பா. அதனாலதான் வாப்பாகிட்ட சொல்லி மாத்திக்கிட்டோம்" என்றாள். அறை மாற்றும்படி அவள் என்னிடம் சொல்லவே இல்லை.