வாய்க்காலுக்கு மேற்கே

எங்கள் வகுப்பு மெத்ர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். பதிவேட்டில் உள்ள எண்ணைப் பிரெஞ்சில் சொல்வார், நாங்கள் எழுந்து 'ப்ரேசான்' என்று சொல்லி உட்கார வேண்டும். அப்படி நான் 'ஒன்ஸ்' ஆனேன், பதினொன்று. என் பக்கத்தில் உட்கார்ந்தவன் 'தூஸ்', பன்னிரண்டு. அடுத்த பெஞ்சில் 'கத்தோர்ஸ்', பதினான்கு. கடைசி பெஞ்சில் 'வேன்', இருபது. பள்ளிக்கூடம் விட்டு ஐம்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் எங்களுக்குள் இந்தப் பெயர்கள்தான். வேனுடைய பேரப்பிள்ளைகள் தாத்தா ஒரு காலத்தில் வேன் ஓட்டினார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் திருத்தவில்லை.

2010-இல் நான் ஓய்வு பெற்றேன். முதல் மூன்று மாதம் வீட்டில் இருந்து பார்த்தேன். என் மனைவியே, "எங்கேயாவது போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்களேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பள்ளி ஆசிரியராக இருந்து எனக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்த தூஸைப் பிடித்தேன். அவன் மில்லில் வேலை பார்த்த கத்தோர்ஸைப் பிடித்தான். மாதத்தின் முதல் சனிக்கிழமை, நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ். அப்படித்தான் ஆரம்பம்.

காபி ஹவுஸைப் பற்றி நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விசிறி மடிப்புத் தலைப்பாகை கட்டிய சர்வர்கள், கட்லெட், ஆற அமரப் பேசலாம், யாரும் எழுந்திரு என்று சொல்லமாட்டார்கள். 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையில் அந்தக் காபி ஹவுஸ் வருகிறது என்பதால் வெளிநாட்டுக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அப்படி எடுத்த ஒரு படத்திலாவது பின்னால் எங்கள் மூன்று வழுக்கைகளும் விழுந்திருக்கும்.

கொஞ்ச நாளில் காபி போதாமல் போயிற்று. ஒவ்வொரு மாதமும் ஒரு புது இடம் என்று தூஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெஸ், அண்ணா சாலை பக்கம் சந்துக்குள் இருந்த மிலிட்டரி ஓட்டல், வில்லியனூர் போகிற வழியில் ஓலைக் கொட்டகை போட்ட சாப்பாட்டுக் கடை என்று சுற்றினோம். கொட்டகைக் கடையில் வாழை இலையில் சுடுசோறு, சங்கரா மீன் குழம்பு, கடம்பா வறுவல். சோற்றில் குழி பறித்துக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது கத்தோர்ஸ், "டேய், குழம்பு நேத்து வச்சதுடா" என்றான். குறை சொல்லவில்லை, பாராட்டுகிறான். மீன் குழம்பு மறுநாள்தான் குழம்பாகிறது என்பது அவன் கட்சி. மூன்று பேருக்கும் சேர்த்து பில் முந்நூறு ரூபாயைத் தாண்டாத காலம். நான் மூன்றாக வகுப்பேன். உத்தியோகத்தில் பல வருடம் பில் கிளார்க்காக இருந்தவன், சில்லறை வரைக்கும் சரியாக இருக்கும்.

பிறகு வேன் வந்து சேர்ந்தான். இங்கே ஒரு சின்னக் கதை சொல்லியாக வேண்டும். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. எங்களுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வேனுடைய அப்பா சொல்தா, இந்தோசீனாவில் இருந்துவிட்டு வந்தவர். எழுதிக் கொடுத்தார். கத்தோர்ஸின் அப்பா மில் தொழிலாளி. அவர் எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்று பின்னால் கேட்டதற்கு, "மில்லுல ஒரு நாள் லீவு போட்டா கூலி போயிடும், அதுக்காக எவன் போய் வரிசையில நிப்பான்" என்று சொன்னாராம். வேடிக்கைக்குச் சொன்னாரோ நிஜமோ, தெரியாது. வேன் பிரான்சுக்குப் போய்த் தபால் துறையில் வேலை பார்த்து, இப்போது குளிர் ஆறு மாதம் இங்கே, கோடை ஆறு மாதம் அங்கே. கத்தோர்ஸ் ஐம்பத்தெட்டு வயதில் மில்லை விட்டு வந்தான். எனக்கு அரசாங்க ஓய்வூதியம். அகவிலைப்படி உயரும்போதெல்லாம் அதுவும் உயரும். வேனுக்கு யூரோவில் வருகிறது. கத்தோர்ஸுக்கு வருங்கால வைப்பு நிதிக்காரர்கள் கொடுப்பது மாதம் இரண்டாயிரத்துக்கும் குறைவு. மூன்று விதமான ஓய்வூதியம் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டது. எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அதை நினைத்துப் பார்த்ததில்லை.

வேன் எங்களைப் பெரிய வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே கூட்டிப்போனான். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அந்தப் பக்கம் போனால் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடப்போம். இப்போது வீட்டுக்கு வீடு ஓட்டல். மஞ்சள் சுவர், வாசலில் போகன்வில்லா, உள்ளே முற்றத்தில் மேஜை. முதல் நாள் பட்டியலைக் கையில் வாங்கியதும் நாங்கள் நாலு பேரும் பண்ணிய காரியம் எழுத்துப் பிழை திருத்தியது. எங்கள் மெத்ர் பார்த்திருந்தால் பட்டியலைச் சிவப்பு மையால் குளிப்பாட்டியிருப்பார். நான் சர்வரிடம் நல்ல பிரெஞ்சில் ஆர்டர் கொடுத்தேன். வடக்கத்திப் பையன், திருதிருவென்று விழித்துவிட்டு, "சார், இங்கிலீஷ்?" என்றான். புதுச்சேரியில் பிரெஞ்சு தெருப் பலகையிலும் ஓட்டல் பட்டியலிலும்தான் பத்திரமாக இருக்கிறது.

வேன் புயாபேஸ் வரவழைத்தான். மார்செய் பக்கத்து மீன் சூப், பேர் பெற்ற பண்டம்தான். கத்தோர்ஸ் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "புளியும் மொளகாயும் போட மறந்துட்டான்" என்றான். சிரித்தோம். எனக்கென்னவோ அந்த ஓட்டல்கள் மேல் ஒரு மனக்குறை உண்டு. பிரெஞ்சுக்காரன் சமையல் இருக்கிறது, நம்ம சமையலும் நாலு தெரு தள்ளி இருக்கிறது. இரண்டும் கலந்து நம்ம ஊர் வீடுகளில் ஒரு சமையல் உண்டே, அது எந்தப் பட்டியலிலும் சரியாக இல்லை. கிறிஸ்துமஸுக்குத் தூஸ் வீட்டிலிருந்து வரும் விவிக்கம் கேக்கை, ரவையும் நெய்யும் ரம்மில் ஊறின பழமுமாக இருக்கும் அதை, நான் எந்த ஓட்டல் கேக்குக்கும் மாற்றமாட்டேன்.

அன்றைக்கு பில் 5,480 ரூபாய். நான் காகிதக் கைக்குட்டையில் எழுதி வகுத்தேன். ஆளுக்கு 1,370. கத்தோர்ஸ் அன்று அந்த சூப்பும் ரெண்டு துண்டு ரொட்டியும்தான் சாப்பிட்டான். வயிறு சரியில்லை என்றான். சட்டை உள்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு கவரை எடுத்து, திரும்பி உட்கார்ந்து எண்ணி, 1,370 ரூபாயைச் சரியாக வைத்தான். கணக்கு பைசல்.

அடுத்த மாதம் அவன் வரவில்லை. முட்டி வலி என்றான். அதற்கடுத்த மாதம் சர்க்கரை ஏறிவிட்டது. அப்புறம் பேத்திக்குப் பரீட்சை. தாத்தாவுக்கு என்ன பரீட்சை என்று தூஸ் கேட்டான். நான் ஒருபடி மேலே போய், "வயசானா சில பேருக்குத் திமிர் வந்துடுதுடா, கூப்பிட்டாலும் வரமாட்டேங்கிறான்" என்றேன். சொன்னது நான்தான், எழுதிவிடுகிறேன்.

போன வருடம் சித்திரை மாதம், மீன் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். காலை எட்டுக்கே வெயில் கொளுத்துகிறது. தெருவோரம் வேப்பமர நிழலில் ஒரு கூழ் வண்டி. நாலைந்து மூட்டைத் தொழிலாளிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு கத்தோர்ஸ் சொம்பில் கூழ் குடித்துக்கொண்டிருந்தான். நான் பார்க்காததுபோல் போய்விடலாமா என்று ஒரு விநாடி நினைத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"ஒன்ஸ்! வாடா இங்க!"

அவன் முகத்தில் சங்கடம் ஒன்றும் இல்லை. வண்டிக்கார அம்மாவிடம், "அம்மா, இவருக்கும் ஒரு சொம்பு ஊத்தும்மா. எங்கூடப் படிச்சவரு, பெரிய ஆபீசர்" என்றான். நான் எந்தக் காலத்திலும் ஆபீசர் இல்லை.

கேழ்வரகுக் கூழ், மோர் விட்டுக் கரைத்து, பொடியாக நறுக்கின சின்ன வெங்காயம் போட்டது. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், உப்பு மிளகாய்த்தூள் தடவின மாங்காய்க் கீற்று, ஒரு தட்டில் கருவாட்டுத் தொக்கு. என் அம்மா போன பிறகு நான் கூழ் குடித்ததில்லை. வீட்டில் ஓட்ஸ்தான். முதல் வாய் இறங்கினதும் உச்சந்தலை வரைக்கும் குளிர்ந்தது. ரெண்டாவது சொம்பும் வாங்கினேன். நான் பர்ஸை எடுக்கக் கையை விட்டேன், அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பழைய மில் கை, அசைக்க முடியவில்லை. "இது என் ஓட்டல். கையை எடு" என்றான். சொம்பு இருபது ரூபாய், அறுபது ரூபாய் கொடுத்தான்.

மார்க்கெட் வரைக்கும் சேர்ந்து நடந்தோம். அவன் என்னைவிட வேகமாக நடந்தான். பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "முட்டி எப்படி இருக்கு?" என்றேன்.

"எந்த முட்டி?" என்றான்.

கேட்ட பிறகு அவனுக்கும் விளங்கிவிட்டது, எனக்கும் விளங்கிவிட்டது. அப்புறம் ரெண்டு பேரும் மீன் விலையைப் பற்றிப் பேசினோம்.

வீட்டுக்கு வந்து மீன் பையை வைத்துவிட்டு ரொம்ப நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்த நாலாக மடித்த கவர் கண்ணை விட்டுப் போகவில்லை. முப்பத்தைந்து வருடம் மற்றவர்களுடைய சம்பளப் பட்டியலைப் பார்த்தே வாழ்ந்தவன். யாருக்குப் பிடித்தம் போக எவ்வளவு கையில் நிற்கும் என்று மனப்பாடமாகச் சொல்வேன். எதிரில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டில் மாதத்தில் பாதிக்கு மேல் போயிற்று என்பது மட்டும் அந்தக் காகிதக் கைக்குட்டையில் தெரியவில்லை.

பிராயச்சித்தம் செய்கிறேன் என்று நான் செய்தது இன்னொரு தப்பு. வேனிடம் விஷயத்தைச் சொன்னேன். கத்தோர்ஸை வற்புறுத்தி ஒரு ஓட்டலுக்கு வரவழைத்தோம். வேன் முன்னாலேயே கல்லாவில் பணம் கட்டிவிட்டான். சாப்பிட்டு முடித்ததும் பில் வரவில்லை. கத்தோர்ஸ் என்னைப் பார்த்தான், வேனைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து மூன்று நூறு ரூபாய் நோட்டை எடுத்துத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் போனை எடுக்கவில்லை.

சரி பண்ணியது தூஸ். வாத்தியார் வாத்தியார்தான். நேராக கத்தோர்ஸ் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்து புதுச் சட்டத்தை அறிவித்தான். இனிமேல் வகுப்பது கிடையாது. மாதம் ஒருவர் முறை. முறைக்காரர் தனக்குப் பிடித்த இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும், அவரே கொடுக்க வேண்டும். எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது, எவ்வளவு என்றும் கேட்கக் கூடாது.

எனக்குப் பழைய புத்தி. "அதெப்படிடா, ஒருத்தன் அஞ்சாயிரம் கொடுப்பான், ஒருத்தன் நூறு கொடுப்பான், கணக்கு எங்கேயும் நிக்காதே" என்றேன்.

"எவன்டா வந்து ஆடிட் பண்ணப்போறான்?" என்றான் தூஸ்.

முதல் முறை கத்தோர்ஸுக்கு. எங்கே என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. வேன் தொப்பியும் பாலிஷ் போட்ட ஷூவுமாக வந்து இறங்கினான். வண்டிக்கார அம்மா அவனுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் எடுத்துப் போட்டார். அவன் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளைபோல் குடித்தான். மீசையெல்லாம் கூழ். கருவாட்டுத் தொக்கை மறுபடி கேட்டான், பிறகு மறுபடியும் கேட்டான். அவனுடைய அம்மா பாரீசில் கேழ்வரகு கிடைக்காமல் தவித்ததைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தான். எங்களுக்கு அந்தக் கதை அன்று வரை தெரியாது.

ஐந்து சொம்பு, நூறு ரூபாய். கத்தோர்ஸ் ஒற்றை நோட்டாகக் கொடுத்தான். வேன் வழக்கம்போல் ஒரு ஐம்பது ரூபாயை எடுத்து வண்டியில் வைக்கப் போனான். கத்தோர்ஸ் அதை எடுத்து அவன் சட்டைப் பையிலேயே சொருகி, மெத்ர் குரலில், "செர்வீஸ் கொம்ப்ரீ, முசே" என்றான்.

மூட்டைத் தொழிலாளி ஒருவர், "என்ன பாஷை பெரியவரே?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு என் முறையும் தூஸ் முறையும் ஆயிற்று. வருகிற சனிக்கிழமை வேன் முறை. வாய்க்காலுக்குக் கிழக்கேதான், அந்தப் புயாபேஸ் ஓட்டல்தான் என்று எல்லோருக்கும் தெரியும். நேற்று இரவு கத்தோர்ஸ் போன் பண்ணினான். கண்டிப்பாக வருகிறானாம். அந்த மீன் சூப்பை இந்தத் தடவை முழுசாகக் குடிக்கப்போகிறானாம். "உன் வூட்ல மோர்மொளகா வறுத்து ஒரு பொட்டலம் எடுத்துட்டு வந்துடு. சர்வர் பார்க்காம பாக்கெட்ல வச்சுக்க" என்றான்.

வறுத்துத் தரச் சொல்லி வீட்டில் சொல்லிவிட்டேன்.