மாத்திரையும் வேணும், பாட்டும் வேணும்

மூத்தம்மாவுக்கு அல்சைமர் என்று டொக்டர் சொன்னதும் எங்கட வீட்டில எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "எப்ப சுகமாகும்?"

சுகமாகாது. அவர் எழுதித் தந்த டொனெப்பெசில், மூளையில் அசிட்டைல்கோலின் என்ற இரசாயனம் சிதைவதைக் குறைக்கும். சிலருக்கு ஞாபகமும் அன்றாட வேலைகளும் கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கும். நோய் நிற்காது. அண்மையில் வந்த லெகனமாப் போன்ற மருந்துகளும் ஆரம்பக் கட்டத்தில் வேகத்தைச் சற்றுக் குறைப்பதோடு சரி.

மாத்திரை தொடாத இடமொன்று இருந்தது. மஃரிப் நேரம் வந்தால் மூத்தம்மாவுக்கு இருப்புக்கொள்ளாது. "வாப்பா தேடுவாரு, நான் ஊட்ட போகணும்" என்பார். இருப்பது அவருடைய சொந்த வீட்டில்தான். ஒருநாள் ராத்தா போனில் நாகூர் ஹனிபாவைப் போட்டுவிட்டா. மூத்தம்மாவின் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. அடுத்த வரியைப் பாட்டு சொல்ல முதல் அவர் சொன்னார். பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்து, "நீ ஆர்ர மகள்?" என்றார். ஆனா முகத்தில் பயம் இல்லை.

இது எப்படி? 2015இல் ஜேர்மனியில் நடந்த ஓர் ஆய்வு, நெடுநாள் பழகிய பாட்டுகளை நினைவில் வைக்கும் மூளைப் பகுதிகள் அல்சைமரில் ஒப்பீட்டளவில் குறைவாகவே பாதிக்கப்படுகின்றன என்றது. அதற்காக இசையை அற்புத மருந்தாக்கிவிடவும் ஏலாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுக் கொக்ரேன் மீளாய்வின்படி, இசை மனச்சோர்வைக் குறைக்க உதவக்கூடும். ஞாபகத்தைப் பெரிதாக மாற்றாது. எங்கட வீட்டிலும் சில மாலைகளில் எந்தப் பாட்டும் எடுபடுவதில்லை. ஆகவே பாட்டு கேட்கிறார் என்று மாத்திரையை நிறுத்தாதீங்க. அதை டொக்டர்தான் முடிவுசெய்ய வேணும்.

முறையான இசைச் சிகிச்சை பயிற்சி பெற்றவர்கள் செய்வது. நாங்க வீட்டில் செய்வது அதன் சின்னத் துண்டு: இரைச்சல் இல்லாத அரை மணி நேரம், விளம்பரம் குறுக்கிடாத பாட்டு, குறைந்த சத்தம். முகம் சுருங்கினால் உடனே நிறுத்திவிடுவோம்.

எங்கட ஊரில் இசை என்றதும் சிலருக்கு முகம் மாறும். அவர்களிடம் வாதாட நான் வரல்ல. பைத் இருக்கு, தாலாட்டு இருக்கு, பெண்கள் வாய்வழியாகச் சொல்லிவந்த கவி இருக்கு. மருதமுனையில் தறிச் சத்தமும் ஒரு தாளம்தான். நெசவுக் குடும்பத்தில் வளர்ந்த மூத்தம்மாவுக்கு அது எந்தப் பாட்டுக்கும் முந்தியது.

பிரச்சினை என்னவென்றால், ஹனிபா யூடியூப்பில் கிடைப்பார். மூத்தம்மாவின் உம்மா பாடிய தாலாட்டு எங்கும் கிடைக்காது. அதை அறிந்த ஒரே ஆள் இப்போது மறந்துகொண்டிருக்கிறார். மிஞ்சிய நாலைந்து வரியைத்தான் போனில் பதிந்து வைத்திருக்கிறோம்.

பொதுவாக எல்லாருக்கும் ஆழமாகப் பதிவது இளவயதில் கேட்ட பாட்டுகள்தான். உங்கட உம்மா, வாப்பா பதினைந்து, இருபது வயதில் என்ன கேட்டாங்க என்று உங்களுக்குத் தெரியுமா? ஞாபகம் நல்லாயிருக்கும்போதே கேளுங்க. ஒரு கொப்பியில் எழுதுங்க. பாடத் தெரிந்தால் பாடச் சொல்லிப் பதிவுசெய்யுங்க. இதற்குக் காசு வேண்டாம், ஒரு பின்னேரம் போதும்.