பதினோராம் எண் கூண்டு

மழைக்காலம் வந்துவிட்டால் தொலைக்காட்சியில் அடியில் ஓடும் வரியில், தூத்துக்குடி துறைமுகத்தில் இத்தனாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று வரும். கூண்டுக்குள் என்ன இருக்கும் என்று பேரன் கேட்டான். ஒன்றும் இருக்காது. கூம்பு வடிவத்திலும் உருளை வடிவத்திலும் செய்த கூடுகள் அவை. உயரமான கம்பத்தில் ஏற்றினால் தூரத்துக் கப்பலில் இருப்பவருக்கும் வடிவம் தெரியும். இரவானால் அவற்றுக்குப் பதில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். 1864-ல் ஒரு பெரும்புயல் கல்கத்தாவை அழித்துப்போட்டது. அடுத்த வருடமே அந்தத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை வந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்ததே அதற்குப் பத்து வருடம் கழித்து, 1875-ல்தான்.

தச்சநல்லூரில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு ஏன் கடல் வானிலை என்று வீட்டில் கேட்பார்கள். தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவனுக்கு அது விட்டுப்போகாது. சில வருடங்கள் தூத்துக்குடியில் இருந்தேன். அந்தக் காலத்தில் புயல் எச்சரிக்கை தந்தியாகத்தான் வரும். துறைமுகத்துக்கு, கலெக்டர் ஆபீசுக்கு, ரயில்வேக்கு என்று முகவரிப் பட்டியலே உண்டு. கல்யாண வாழ்த்து, சாவுச் செய்தி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை முதலில் அனுப்ப வேண்டும். டெலிபிரிண்டரில் அது வர ஆரம்பித்தால் யாரும் டீ குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டோம். சேதியைக் கொண்டுபோகும் பையன் ரசீதில் கையெழுத்தும் நேரமும் வாங்கிக்கொண்டு வருவான். அந்த ரசீது வந்த பிறகுதான் சேதி போய்ச் சேர்ந்தது என்று கணக்கு.

கூண்டுகள் மொத்தம் பதினொன்று. ஒன்றும் இரண்டும் தொலைவில் இருக்கும் புயலுக்கு. துறைமுகத்துக்கு இப்போது ஆபத்தில்லை, வெளியே போகும் கப்பலுக்குத்தான். மூன்றும் நான்கும் உள்ளூர் எச்சரிக்கை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். புயல் துறைமுகத்துக்கு இடப்பக்கமாகக் கடக்குமா, வலப்பக்கமாகவா, தலைக்கு மேலேயேவா என்பதற்கு ஒவ்வொரு எண். எட்டு முதல் பத்து வரை அதே மூன்றும், ஆனால் கடும் புயலுக்கு. பத்தோடு முடிந்திருக்க வேண்டியதுதானே? பதினொன்று என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, சேதி எதுவும் வரவில்லை, ஆனால் நிலைமை மோசம் என்று உள்ளூர் அதிகாரிக்குத் தோன்றுகிறது என்று அதற்கு அர்த்தம். இதை யோசித்து வைத்தவர் யாரோ, கெட்டிக்காரர்.

1992 நவம்பரில் புயல் இலங்கையைத் தாண்டி வந்து 13-ம் தேதி தூத்துக்குடி பக்கம் கரை ஏறியது. மலையில் கொட்டிய மழையில் தாமிரபரணி பொங்கி வந்ததை எங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று ஒவ்வொரு லைனாகச் செத்துக்கொண்டே வந்தது. கருவி முன்னால் உட்கார்ந்திருக்கிறோம், அது பேசவில்லை. பதினோராம் எண்ணின் அர்த்தம் அந்த இரவில்தான் எனக்கு நன்றாக விளங்கியது.

இப்போது கம்பியும் இல்லை, தந்தியும் இல்லை. 2013 ஜூலையோடு மூடிவிட்டார்கள். வானிலை அறிக்கை கைப்பேசியிலேயே வருகிறது. தினமும் பார்க்கிறேன். அதன் பாஷை ஒரு ஏணி மாதிரி. முதலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம், 50-ஐத் தாண்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-ஐத் தொட்டால் புயல். அப்போதுதான் பெயர் வைப்பார்கள். பெயர் வைத்தால்தான் நம் ஜனங்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஆனால் இந்த ஏணி அளப்பது காற்றை மட்டும். 2023 டிசம்பரில் நம்மை முழுக வைத்ததற்குப் பெயரே கிடையாது. குமரிக்கடல் பக்கம் நிலவிய வளிமண்டலச் சுழற்சி என்றுதான் அறிக்கையில் வந்தது. ஏணியில் முதல் படியில்கூடக் கால் வைக்காத ஒன்று, 18-ம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. ஜங்ஷனில் வெள்ளம் நின்றது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலும் நின்றது, உள்ளே நூற்றுக்கணக்கான ஜனங்கள். கடல் நமக்கு ஐம்பது கிலோமீட்டர் தள்ளி என்று சொல்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

மீனவர்களுக்கான பகுதியைப் படித்தால் இன்னொன்று உறுத்தும். குமரிக்கடல், மன்னார் வளைகுடாவில் சூறாவளிக் காற்று 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில், இடையிடையே 65 வரை வீசக்கூடும், அந்தப் பகுதிக்குப் போக வேண்டாம் என்று இருக்கும். வருடத்தில் பல நாள் இதே வாசகம்தான். விட்டுவிட்டுப் பலமாக அடிக்கும் காற்றுக்குத் தமிழில் சூறாவளி என்று போட்டுவிட்டால், நிஜமான சூறாவளி வரும் நாளில் என்ன சொல்வது? வாடை, கொண்டல், கச்சான் என்று திசைக்கொரு பேர் வைத்திருக்கும் கடற்கரைக்காரர்களுக்கு இந்த ஒற்றைச் சொல் சலித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

2017-ல் வந்த ஒக்கி இந்த முறை முழுவதையும் சோதித்துப் பார்த்தது. நவம்பர் 29-ம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலம். 30-ம் தேதி விடியுமுன் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அன்று முற்பகலிலேயே குமரிக்கடலில் புயல். வங்கதேசம் கொடுத்த பெயர், கண் என்று அர்த்தமாம். டிசம்பர் 1-ல் லட்சத்தீவுப் பக்கம் மிகத் தீவிரப் புயல், அதாவது 118 கிலோமீட்டருக்கு மேல். கடலுக்குப் போகாதீர்கள் என்று 29-ம் தேதியே அறிவித்தார்கள், அதை மறுப்பதற்கில்லை. பெரும் புயல் என்று அதில் இல்லை, அதையும் மறுப்பதற்கில்லை.

என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மைத்துனர் தூத்தூர் பக்கம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாக இருக்கும் அந்த ஊர்க்காரர்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். ஒருமுறை கிளம்பினால் வாரக்கணக்கில் கரை காண மாட்டார்கள். அடுத்த வருடம் ஒரு விசேஷத்துக்குத் தச்சநல்லூர் வந்தபோது என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார்.

"அண்ணன் போட்டு கிளம்புனது பதினெட்டாம் தேதி சார். அன்னைக்கு வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. கடலுக்குப் போகாதீங்கன்னு பிறகு சொன்னது எங்களுக்குத்தான், கரையில உட்கார்ந்திருந்தவங்களுக்கு."

கைப்பேசி கோபுரத்தின் எல்லை கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். போட்டில் இருக்கும் வயர்லெஸ் கொஞ்ச தூரம் கூடப் பேசும், பக்கத்துப் போட்டோடு பேசலாம். நூறு மைலுக்கு வெளியே நிற்பவனுக்குச் சேதி சொல்ல அன்று வழி இருக்கவில்லை. சேதி போய்ச் சேர்ந்ததா என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியவும் வழியில்லை. தந்திக்கு ரசீது வாங்கிய எனக்கு அதுதான் மனசில் தைத்தது. டிசம்பர் 7-ம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் அந்த ஊர்களின் ஆணும் பெண்ணும் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தேடிக் கொடுங்கள் என்றார்கள்.

ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை என்றார் அவர். அண்ணி சமைக்கவில்லை. பூசை வைத்தார்கள், ஜெபம் பண்ணினார்கள், அதிகாரிகளிடம் பட்டியல் கொடுத்தார்கள். ஆள் பெயர், போட்டின் பெயர், கிளம்பிய தேதி. பத்தாம் நாள் மகாராஷ்டிரத்தின் ஒரு துறைமுகத்திலிருந்து போன் வந்தது. அண்ணன்தான் பேசினார். போட் உடைந்திருந்தாலும் எட்டுப் பேரும் பிழைத்தார்கள். அதே தெருவில் மூன்று வீட்டுக்கு அப்படி ஒரு போன் வரவில்லை. அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார், என் திண்ணையில் யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல.

அதற்குப் பிறகு சில ஏற்பாடுகள் வந்தன. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2019-ல் ஜெமினி என்ற கருவியை வெளியிட்டது. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலில் இருக்கும் போட்டுக்கும் எச்சரிக்கை வரும். நல்ல காரியம். ஆனால் அது ஒருவழிதான். கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழிக் கருவி பொருத்தும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதில் கடலில் இருப்பவனும் ஆபத்தென்று சேதி அனுப்பலாம்.

செய்தியைப் பார்த்ததும் அவருக்குப் போன் பண்ணினேன். இனி கவலை இல்லையே என்றேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

"நல்லதுதான் சார். ஆனா எங்க போட்டு மணிக்கு எட்டு மைல் போகும். நூறு மைல்ல நிக்கிறவன் கரைக்கு வரப் பன்னிரண்டு பதிமூணு மணி நேரம் ஆகும், அதுவும் கடல் சும்மா இருந்தா. காலையில சொல்லி மத்தியானம் புயல்னா என்ன செய்ய?"

அப்படியானால் என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"கடலுக்குப் போகாதேன்னு சொல்ல வேண்டாம். நான்தான் ஏற்கனவே கடல்ல இருக்கேனே. காத்து எந்தப் பக்கமா வருது, நான் எந்தப் பக்கம் ஓடணும், அதைச் சொல்லட்டும்."

இடப்பக்கமா, வலப்பக்கமா, தலைக்கு மேலேயா என்று கூண்டில் காட்டுவார்களே, அதைத்தான் கேட்கிறார். துறைமுகத்துக்கு நூறு வருடத்துக்கு மேலாகச் சொல்லி வருகிறோம். போட்டில் இருப்பவனுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்களா என்று அடுத்த முறை வரும்போது அவரிடம் கேட்க வேண்டும். அண்ணன் இந்த வாரமும் கடலில்தான் இருக்கிறாராம்.