செம்மண் பாதையில் ஒரு சவாரி

புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது ஆரோவில். 1968-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி பிறந்த ஊர். அன்று மரமற்ற பொட்டல். இன்று அடர்ந்த காடு. மாத்ரிமந்திரின் தங்க உருண்டையைப் பார்க்க, நானும் என் மனைவியும் ஆளுக்கொரு மின்சார சைக்கிளை வாடகைக்கு எடுத்தோம்.

"லைசென்ஸ் வேண்டாமா?" என்றாள் மனைவி.

"250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம் என்றால் வேண்டாம், அம்மா. ஆனாலும் ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். முந்தானையை நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள்" என்றான் கடைப் பையன்.

மிதித்தோம். கால் கொஞ்சம் உழைத்தால் போதும். மீதியை மோட்டார் பார்த்துக்கொண்டது. அந்தக் குஷியில் ஒரு வளைவில் முன் பிரேக்கை மட்டும் 'சடக்'கென்று பிடித்தேன். செம்மண் சரளை வழுக்கியது. நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம்! முழங்கையில் சிராய்ப்பு. மனைவியோ வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் மெள்ளப் பிடித்து, ஜம்மென்று வந்து சேர்ந்தாள்.

மாலையில் பையன் உடனே சார்ஜ் போடவில்லை.

"பாட்டரி சூடு ஆறட்டும், சார். வண்டியோடு வந்த சார்ஜரில்தான் போடுவோம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்க மாட்டோம். அடிபட்டு உப்பின பாட்டரியில் சார்ஜே ஏற்றக் கூடாது, தீப்பிடிக்கும்" என்றவன், என் சைக்கிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நல்ல வேளை, பாட்டரிக்கு ஒன்றுமில்லை!

"நம் வீட்டுக்கும் வாங்கலாமே" என்றாள் மனைவி.

"ஒன்றா, இரண்டா?"

"ஒன்று போதும். பிரேக் பிடிக்கத் தெரிந்தவர் ஓட்டட்டும்!"